வேகனா, ஜீப்பா? வாவியின் இரு கரைக்கும் ஓடும் ஒரு குடும்பத்துக்கு

காரைப்போலத் தாழ்ந்து, பின்னால் நீண்ட டிக்கி கொண்ட பிரீமியம் ரக ஸ்டேஷன் வேகன் நல்லதா, நாம் ஜீப் என்று சொல்லும் உயரமான குடும்ப எஸ்.யு.வி. நல்லதா என்று தேடினால் கிடைக்கும் பதில்களில் பெரும்பாலானவை பனி கொட்டும் நாடுகளில் இருப்பவர்கள் எழுதியவை. மணிக்கு 120, 130 கி.மீ. வேகத்தில் ஓட அவர்களுக்கு வீதி உண்டு. வாகனம் பழுதானால் கூப்பிடு தூரத்தில் சேர்விஸ் நிலையமும் உண்டு. மட்டக்களப்பில் இருந்துகொண்டு அந்த அளவுகோலால் அளந்தால் கணக்குப் பிழைக்கும்.

என் தங்கையின் வீடு கல்லடியில். மச்சான் அரச உத்தியோகத்தர்; தங்கை வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. மூத்தவள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், இளையவன் இன்னும் பாடசாலையில். முழங்கால் தேய்ந்த மாமியும் அவர்களோடுதான் இருக்கிறார். ஆயித்தியமலைப் பக்கம் மச்சானின் தகப்பன் வழி வயல் இருக்கிறது. பழைய காரை விற்றாகிவிட்டது. இலண்டனில் இருக்கும் அண்ணன் ஓட்டுகிற வொல்வோ வி60 வேகன் மேல் மச்சானுக்கு நெடுநாள் ஆசை. தங்கையோ நிசான் எக்ஸ்-ட்ரெயில் ஜீப் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாள். இரண்டு பேரும் தனித்தனியாக என்னைக் கூப்பிட்டுத் தங்கள் கட்சியைச் சொல்லிவிட்டார்கள். “அண்ணா, நீங்கள் சொன்னால்தான் அவர் கேட்பார்” என்று அவள். “மச்சான், நீங்களும் அவளோடு சேர்ந்துவிடாதீர்கள்” என்று இவர். மாமியின் கருத்தை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே சொன்னார்: வேகனின் படத்தைப் பார்த்துவிட்டு, “இது பிரேதம் ஏற்றுகிற கார் மாதிரியல்லவா இருக்கிறது!”

மாமியைக் குறை சொல்ல முடியாது. நம் நாட்டில் வேகன் என்றால் ஒரு காலத்தில் டொயோட்டா டி.எக்ஸ். வேகன், பிறகு நிசான் ஏ.டி. வேகன். கடைக்காரரும் ஹயர் ஓடுகிறவரும் சாமான் ஏற்றி இறக்கிய வண்டிகள் அவை. கொரோல்லா ஃபீல்டரும் ஹொண்டா ஃபிட் ஷட்டிலும் வந்த பிறகுதான் குடும்பங்கள் வேகன் பக்கம் திரும்பின. வொல்வோ வி60, பென்ஸ் சி கிளாஸ் எஸ்டேட், அவுடி ஏ4 அவாண்ட் போன்றவை கிழக்கில் கண்ணில் படுவதே அபூர்வம். இந்த அபூர்வம்தான் பின்னால் பெரிய செலவாக வந்து நிற்கும், அதற்கு வருகிறேன்.

சந்தை நிலவரத்தையும் சொல்லிவிட வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் ஏறத்தாழ ஐந்து ஆண்டு வெற்றிடம். புதிதாக இறக்குவதென்றால் வரி எஞ்சின் கொள்ளளவையும் பெறுமதியையும் பார்க்கும். பெறுமதி ஒரு வரம்பைத் தாண்டினால் ஆடம்பர வரியும் சேரும். கூரை எவ்வளவு உயரம் என்று சுங்கம் கேட்பதில்லை. ஆகவே நடுத்தர வருமானக் குடும்பத்தின் முன் இருப்பது உண்மையில் இந்தத் தெரிவுதான்: ஒரே பணத்துக்கு, வயதான பிரீமியம் வேகன் ஒன்று, அல்லது அதைவிட வயது குறைந்த சாதாரண ஜீப் ஒன்று. புத்தம் புதிய இரண்டையும் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடும் வசதி நமக்கு இல்லை.

இனி வீதிக்கு வருவோம். வாவிக்குக் கிழக்கே, கடற்பக்கத்து எழுவான்கரையில் மட்டும் வாழ்பவருக்கு வேகனின் தாழ்வு ஒரு பொருட்டே அல்ல. கல்லடிப் புதிய பாலம் 2013இல் திறந்தாயிற்று. காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று பொத்துவில் வரை வழவழப்பான காபெட் தார் வீதி. ஊருக்கு ஊர் முளைத்திருக்கும் வேகத்தடைகளைத் தவிர அடிப்பக்கத்தில் உரச ஒன்றுமில்லை. படுவான்கரைக்கும் இப்போது பெருவீதிகள் மோசமில்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைக்குப் பாதை எனும் மிதவையில் ஏறித் துறை கடக்க வேண்டிய காலம் போய்விட்டது. தொல்லை தொடங்குவது பெருவீதியை விட்டு இறங்கிய பின். ஆயித்தியமலையில் வயலுக்குத் திரும்பும் கிரவல் வீதியில் உழவு இயந்திரங்களும் நெல் லொறிகளும் ஓடி ஓடி இருபுறமும் பள்ளமாகி, நடுவில் மண் முதுகு எழும்பி நிற்கும். காரின் சில்லுகள் அந்தப் பள்ளத்தில் இறங்கினால் நடுமுதுகு வயிற்றைத் தேய்க்கும்.

வி60இன் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையில் ஏறத்தாழ 140 மி.மீ. எக்ஸ்-ட்ரெயிலின் மூன்றாம் தலைமுறையில் 210 மி.மீ. வித்தியாசம் ஒரு சாண்கூட இல்லை. ஆனால் அதோடு முடிவதில்லை. வி60இன் முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடைத்தூரம் 2.87 மீற்றர், எக்ஸ்-ட்ரெயிலில் 2.7. இடைத்தூரம் கூடக்கூட நடுவில் மேடு தட்டும் வாய்ப்பும் கூடும். ஐந்து பேர் ஏறி, பின்னால் இரண்டு நெல் மூடையும் வைத்தால் 140 என்பதும் 140ஆக இருக்காது.

இதைவிட முக்கியமானது டயர். வாகனம் பார்க்கப் போகிறவர்கள் பெயின்ற் பூச்சைத் தடவிப் பார்க்கிறார்கள், ஆசனத்தை அழுத்திப் பார்க்கிறார்கள். குனிந்து டயரின் பக்கத்தில் உள்ள எண்களை வாசிப்பவர் குறைவு. வி60இல் பரவலாக வருவது 235/45 ஆர்18. அதாவது 235 மி.மீ. அகலம், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 45 வீதம், 106 மி.மீ.; உள்ளே 18 அங்குல ரிம். எக்ஸ்-ட்ரெயிலில் பெரும்பாலும் 225/65 ஆர்17. அகலத்தில் 65 வீதம் என்றால் 146 மி.மீ. ஆக, குழிக்கும் ரிம்முக்கும் நடுவில் எக்ஸ்-ட்ரெயிலில் நாற்பது மில்லிமீற்றர் ரப்பர் கூடுதலாக இருக்கிறது. மாரிக்குப் பின் விளிம்பு உடைந்த வீதியில் எதிரே வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கிக் கொடுக்கும்போது, டயர் தப்புவதும் ரிம் நெளிவதும் அந்த நாற்பதில்தான் இருக்கிறது. மேலும் 225/65 ஆர்17 ஜீப்புகளில் பரவலாகப் பயன்படும் அளவு. நம் பக்கத்து டயர் கடைகளில் இல்லாவிட்டாலும் சீக்கிரம் எடுப்பித்துவிடலாம். வி60இன் அளவைக் கேட்டால் கடைக்காரர் கொழும்புக்குத் தொலைபேசி எடுப்பார். பல பிரீமியம் வேகன்களில் ஸ்பெயார் சில்லே இருப்பதில்லை. காற்று அடிக்கும் சிறு பம்பும் ஓட்டையை அடைக்கும் திரவமும்தான் இருக்கும். பக்கச்சுவர் கிழிந்தால் அந்தத் திரவத்தால் ஒரு பயனும் இல்லை. இரவு எட்டு மணிக்குப் புணானைக் காட்டுக்குள் அப்படி நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

ஜீப் வாங்குகிற நம்மவர்கள் டயரைச் சொல்வதில்லை. வெள்ளத்தைத்தான் சொல்வார்கள். “மழைக்கு வலையிறவு வீதியில் தண்ணீர் ஏறினால் கார் போகாது, ஜீப் போகும்.” இந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதே இல்லை. தேங்கி நிற்கும் தண்ணீர், ஒரு சாணுக்கும் குறைந்த ஆழம், அடியில் வீதி இருப்பது நிச்சயம் என்றால் ஜீப்பின் உயரம் உதவும், மறுக்கவில்லை. ஓடும் தண்ணீர் வேறு. 30 செ.மீ. ஆழத்தில் ஓடும் நீரே பெரும்பாலான கார்களை இழுத்துச் செல்லும், 60 செ.மீ. ஜீப்பையும் பிக்கப்பையும் கொண்டுபோய்விடும் என்பது அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை நெடுங்காலமாகச் சொல்லிவரும் எச்சரிக்கை. அமெரிக்கா வரை போகவும் வேண்டாம். 2024 நவம்பர் வெள்ளத்தில் காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையில், மதரசா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரமே நீரோட்டத்தில் அகப்பட்டுப் பிள்ளைகள் இறந்துபோனார்கள். உழவு இயந்திரத்தைவிட உயர்ந்த ஜீப் எது? இன்னொன்று, எஞ்சினுக்குக் காற்று போகும் வாய் முன்புறத்தில் இருக்கிறது. அலை எழும்பி அதற்குள் தண்ணீர் புகுந்தால், காற்றை அமுக்குவதுபோலத் தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ரொட் என்ற தண்டு வளைந்துவிடும். எஞ்சினே போனது என்று அர்த்தம். பலர் வாங்குவது முன்சில்லுகளால் மட்டும் இழுக்கப்படும் ஜீப் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேற்றில் அதற்கும் காருக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. மாரியில் வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், போக மச்சான் வழக்கம்போல மோட்டார் சைக்கிளைத்தான் எடுக்கப்போகிறார். எனவே வெள்ளத்துக்காக ஜீப் என்ற வாதத்தைத் தங்கையின் பட்டியலிலிருந்து நானே அடித்துவிட்டேன்.

நெடும்பயணத்தில் வேகனுக்குத்தான் என் வாக்கு, அதில் இரண்டாம் பேச்சில்லை. மகளைப் பேராதனையில் விட மகாஓயா, பதியத்தலாவ, மகியங்கனை வழியாகப் போகிறார்கள். மகியங்கனைக்கும் கண்டிக்கும் இடையில் பதினெட்டு வளைவு என்று பெயர்பெற்ற மலைவீதியில் ஏறவேண்டும். வீதி அகலமாக்கப்பட்ட பிறகு ஓட்டுவது எளிது. பின்னால் இருப்பவர்களுக்கு வயிறு கலங்குவது மட்டும் குறையவில்லை. உயரமான வாகனம் வளைவில் வெளிப்பக்கம் சாயும், அடுத்த வளைவில் மறுபக்கம் சாயும். இளையவன் எந்த வளைவில் பை கேட்பான் என்று தங்கைக்கு மனப்பாடம். எடை தரையை ஒட்டி அமைந்த வேகனில் இந்தச் சாய்வு வெகுவாகக் குறைவு. கூரை உயரம் வி60இல் ஏறத்தாழ 1.43 மீற்றர், எக்ஸ்-ட்ரெயிலில் 1.7க்கு மேல். திடீரென்று ஸ்டியரிங்கை வெட்டித் திருப்ப நேர்ந்தாலும் தாழ்ந்த வாகனம்தான் சொன்னபடி கேட்கும்.

திடீரென்று வெட்டித் திருப்ப நேர்வதற்கு இங்கே காரணங்கள் பல. ஹபரணைக்கும் மின்னேரியாவுக்கும் இடையிலும் வெலிகந்தை, புணானைப் பக்கமும் யானை. அதைவிடத் தொல்லை கட்டாக்காலி மாடுகள். பகல் வெயிலைக் குடித்த காபெட் வீதி இரவில் சூடாக இருப்பதால் மாடுகள் அங்கே வந்து படுத்துக்கொள்கின்றன. கறுப்பு மாடு, கறுப்பு வீதி, விளக்கில்லாத இடம். தாழ்ந்த காரின் முன்பகுதி நிற்கிற மாட்டின் காலில்தான் மோதும்; உடல் அப்படியே முன்கண்ணாடி மேல் வந்து விழும். ஜீப்பின் உயர்ந்த முகம் மாட்டின் உடலில் மோதுவதால் அது உள்ளே வரும் ஆபத்து குறைவு. சுவீடன் காடுகளில் நெடிய கால்கள் கொண்ட மூஸ் என்ற பெரிய மான் வீதிக்கு வருவதால், வொல்வோ நிறுவனம் இந்த வகை மோதலை மனத்தில் வைத்தே முன்கண்ணாடித் தூண்களைப் பலமாக்குகிறது. இதில் யாருக்கு வெற்றி என்று சொல்ல வரவில்லை. இரவில் ஓட்டாமல் இருப்பதற்குத்தான் என் வாக்கு.

வேகனின் நெடும்பயணப் புகழில் ஒரு பகுதி இங்கே செல்லுபடியாகாது என்பதையும் மச்சானிடம் சொன்னேன். நம் நாட்டில் ஊர்களுக்கு வெளியே கார்களுக்கு வேக வரம்பு 70 கி.மீ.; அதிவேகப் பாதையில் 100. மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போகும் முந்நூறு கி.மீ. சொச்சத்தில், 2022இல் திறந்த குருநாகல்–மீரிகம பகுதிதான் வழியில் கிடைக்கும் அதிவேகப் பாதை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 120இல் இருக்கும் எதிர்ப்பில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டியதுதான் 70இல் இருக்கும். ஐரோப்பாவில் வேகன் எரிபொருளை மிச்சப்படுத்துகிறது என்று எழுதுகிறார்களே, அந்த மிச்சத்தின் பெரும்பகுதி இந்தக் காற்றுக் கணக்கிலிருந்து வருவது. ஒரே எஞ்சின் கொண்ட வேகனும் ஜீப்பும் என்றால் இங்கும் வேகன் குறைவாகவே குடிக்கும், ஆனால் அவர்கள் சொல்லும் அளவுக்கு அல்ல. மச்சான் பார்த்த வி60 எடையில் எக்ஸ்-ட்ரெயிலைவிட இலேசானதும் அல்ல.

எரிபொருள் என்றதும் தட்டுப்பாடு நிலவிய 2022ஐ மறக்க முடியாது. கியூ.ஆர். அட்டையில் காருக்கு வாரம் 20 லீற்றர் கொடுத்த காலம். லீற்றருக்குப் பத்து கி.மீ. ஓடும் வாகனம் அந்த இருபதில் தம்புள்ளையைத் தாண்டிக் குருநாகலைப் பிடிப்பதற்குள் நின்றுவிடும். பதினான்கு ஓடுகிற வாகனமென்றால் கொழும்பின் வாசலுக்காவது போயிருக்கும். அப்படிப்பட்ட நாள் மீண்டும் வராது என்று யாரும் எழுதித் தரவில்லை. மாதம் ஆயிரம் கி.மீ. ஓட்டம், பெற்றோல் லீற்றர் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இந்த இரண்டுக்கும் இடையே மாதம் எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் வித்தியாசம். இதைத் தீர்மானிப்பது வேகனா ஜீப்பா என்பதைவிட, எஞ்சினோடு பற்றரியும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட்டா இல்லையா என்பதுதான். ஃபீல்டர் ஹைபிரிட் ஒன்றுக்கு முன்னால் இவர்கள் பேசும் இரண்டு வாகனங்களும் எரிபொருளில் நிற்கவே முடியாது. டர்போ எஞ்சின் உள்ள ஐரோப்பிய வேகன்கள் 95 ஒக்டேன் ரகப் பெற்றோல் கேட்கும் என்பது தனிக் கதை. ஊருக்கு உட்புறத்து நிரப்பு நிலையங்களில் 92தான் நிச்சயம்.

சாமான் இடத்தைப் பற்றி லீற்றர் கணக்குச் சொல்கிறார்கள். வி60இல் 529, ஐந்து ஆசன எக்ஸ்-ட்ரெயிலில் 550. கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று தோன்றும். அதில் எருமைத் தயிர்ச் சட்டியை அடுக்கிப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். கொழும்பு உறவினருக்கு மட்டக்களப்பிலிருந்து வெறுங்கையோடு போக முடியாது. மண்சட்டியில் தயிர் போயே ஆகவேண்டும். சட்டிக்கு மேல் சட்டி வைக்க முடியாது, கடதாசி மூடி கிழிந்துவிடும். எனவே உயரம் பயனற்றது. தரைப் பரப்பு எவ்வளவு என்பதுதான் கேள்வி. வேகனின் டிக்கி நீளம், தட்டை. சட்டிகளை ஒரே அடுக்கில் நெருக்கி வைத்து, இடையில் பழைய துணியைச் செருகிவிட்டால் பதினெட்டு வளைவிலும் அசையாது. ஜீப்பின் டிக்கியில் மேலே காற்றுத்தான் அதிகம். அதேபோல நெல் மூடையைத் தூக்கி வைப்பதும் வேகனில் இலகு. ஜீப்பின் டிக்கி விளிம்பு ஆளின் இடுப்பை நெருங்கும். உயரமான பொருளுக்கு மட்டும் ஜீப் நல்லது: குளிர்சாதனப் பெட்டி, தையல் இயந்திரம், கன்றுத் தென்னை. மீனும் இறாலும் ஏற்றுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இரண்டிலும் டிக்கியும் உள்ளிடமும் ஒன்றுதான், சாதாரணக் காரைப்போல நடுவில் தடுப்பு இல்லை. ஐஸ் தண்ணீர் ஒருமுறை கம்பளத்தில் இறங்கினால் அடுத்த தீபாவளி வரை நாறும்.

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஆள் எடுக்கப் போவதை வைத்துப் பெரிய வாகனம் கேட்பவர்களும் உண்டு. கனடாவிலிருந்து நான்கு பேர் வந்தால், ஆளுக்கு 23 கிலோப் பெட்டி இரண்டு வீதம் எட்டுப் பெட்டி. கூட்டி வரப் போனவர் வேறு. வேகனிலும் கொள்ளாது, ஜீப்பிலும் கொள்ளாது. ஏழு ஆசன ஜீப்பில் மூன்றாம் வரிசையைத் தூக்கினால் பின்னால் ஒரு பெட்டி வைப்பதே பாடு. அன்றைக்கு ஒரு வேன் பிடிப்பதுதான் மலிவு.

மாமியின் முழங்காலுக்கு வருவோம். தேய்ந்த முழங்காலுக்கு இடுப்பு மட்டத்தில் இருக்கும் ஆசனம்தான் வசதி; பின்பக்கமாக உட்கார்ந்து காலை உள்ளே எடுத்தால் போதும். வேகனில் ஆசனம் தாழ்வு. சேலையோடு இறங்கி உட்காருவதாவது ஒரு மாதிரி முடியும். எழும்புவதற்கு ஒருவர் கையைப் பிடித்து இழுக்க வேண்டும். மாதா மாதம் போதனா வைத்தியசாலைக்குக் கிளினிக் போகும் ஒருவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. பிராடோ, மொண்டெரோ போன்ற பெரிய ஜீப்பாக இருந்தாலும் கதை மாறிவிடும். அதில் படிவைத்து ஏறவேண்டும், முழங்காலுக்கு அது இன்னும் கொடுமை. எக்ஸ்-ட்ரெயில், அவுட்லாண்டர் அளவு நடுத்தர ஜீப்தான் இதற்குச் சரியான உயரம். கடை வாசலில் நிறுத்தி மாமியை இரண்டு வகையிலும் ஏறி இறங்கச் சொன்னோம். வேகனில் இறங்கும்போது அவர் முகத்தைப் பார்த்த மச்சான் அதற்குப் பிறகு வி60 பற்றிச் சற்று மெதுவாகத்தான் பேசினார்.

பராமரிப்பில்தான் பிரீமியம் வேகன் படுத்துவிடுகிறது. வாகனத்தின் விலை வயதோடு இறங்கும், உதிரிப்பாகத்தின் விலை இறங்குவதில்லை. பத்து வயது வேகனைப் பாதி விலைக்கு வாங்கலாம், ஆனால் அதன் கியர் பெட்டியின் கணினியும் முன்விளக்கும் புது வாகனத்தின் விலையிலேயே வரும். நிசானையும் டொயோட்டாவையும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டும் மெக்கானிக்மார் மட்டக்களப்பில் நிறையப் பேர். வொல்வோவின் பிழைக்குறியை வாசிக்கும் கணினியும் அனுபவமும் உள்ள இடம் கொழும்பில்தான். ஓடுகிற நிலையில் இருந்தால் ஓட்டிப்போகலாம். நின்றுவிட்டால் வாகனம் ஏற்றும் லொறியான கெரியரில் ஏற்றவேண்டும். அந்தக் கெரியர் கூலி எந்த விளம்பரத்திலும் எழுதப்படுவதில்லை. விற்கும்போதும் இதே கதை. ஜீப்பைக் கேட்டு ஆள் வரும். பிரீமியம் வேகனுக்கு, அதை விரும்பும் அந்த ஒரு ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

கடல் உப்பு இரண்டையும் ஒரே மாதிரித்தான் தின்னும். கல்லடியில் இருப்பவர் எதை வாங்கினாலும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவவேண்டும்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது: உயர்த்திய வேகன். வி60 குறொஸ் கன்றி வழக்கமான வி60ஐவிட நன்றாகவே உயரம், சுபாரு அவுட்பேக் 200க்கு மேல். தயிர்ச் சட்டிக்கும் கிரவல் வீதிக்கும் ஒருசேரப் பொருந்துவது இந்த இனம்தான், மனத்தளவில் என் தெரிவும் இதுவே. ஆனால் இங்கே தேடிப் பிடிப்பது கடினம். பிடித்தாலும் உதிரிப்பாகக் கதை அப்படியே இருக்கிறது. வேகனுக்கே பெயர்போன வொல்வோவிலும் காற்று மாறிவிட்டது. அந்த நிறுவனத்தின் வரலாற்றில் அதிகம் விற்ற வாகனம் என்ற பெயரை நெடுங்காலம் வைத்திருந்த 240 வரிசையை, எக்ஸ்.சி.60 என்ற ஜீப் 2025இல் முந்திவிட்டது.

தங்கை குடும்பத்துக்கு என் தீர்ப்பு ஜீப். வெள்ளத்துக்காக அல்ல, டயருக்காக, மாமியின் முழங்காலுக்காக, பக்கத்து வீதிக் கராஜுக்காக. ஐந்து ஆசனம், 17 அங்குல ரிம், இரு சில்லு இழுவை போதும். வளைவில் பை கேட்கும் இளையவனை முன் ஆசனத்தில் இருத்தினால் பாதிப் பிரச்சினை தீரும். வயலும் இல்லை, வயதானவரும் இல்லை, மாதத்தில் இரண்டு மூன்று முறை கொழும்பு என்று இருப்பவர் கேட்டிருந்தால் வேகன் என்றே சொல்லியிருப்பேன். அப்போதும் பிரீமியம் வேண்டாம், ஃபீல்டர் ஹைபிரிட் பாருங்கள் என்றுதான். ஹைபிரிட் எடுப்பவர்கள் வேளாண்மை வெட்டுக் காலத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பின் ஆசனத்துக்கு அருகே பற்றரியைக் குளிர்விக்கும் காற்றுத் துவாரம் இருக்கும். நெற்சுனையும் தூசியும் அதை அடைத்தால் பற்றரி சூடேறும். சேர்விஸுக்கு விடும்போதெல்லாம் அதைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

எக்ஸ்-ட்ரெயில் பார்க்கப் போகிறவர்களுக்கு: அதில் இருப்பது படிப்படியாக மாறாமல் ஒரே சீராக மாறும் சி.வி.ரி. என்ற தானியங்கிக் கியர். அதன் எண்ணெய் மாற்றிய பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். ஏற்றத்தில் மெதுவாக ஏற்றி, அதிர்கிறதா என்று பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வாகனம் கழுவித் துடைத்து விற்பனைக்கு வருவது நம் பக்கத்தில் நடக்காத காரியமல்ல. ஆசனப் பட்டியை முழுதாக வெளியே இழுத்தால் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். ஸ்பெயார் சில்லைத் தூக்கி அதன் குழியையும், ஆசனத்தின் அடியில் உள்ள ஆணிகளையும் துருவுக்குப் பாருங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. நான்கு டயரும் பழையதென்றால் விலையில் அதைக் கழிக்கக் கேட்கலாம். பேரம் பேசுவதை மச்சானிடம் விட்டிருக்கிறேன். வி60 கிடைக்காத கோபத்தையெல்லாம் அவர் விற்பனைக்காரரிடம்தான் காட்டப்போகிறார்.